நகராத புள்ளி

லேக் மார்க்கெட், கொல்கத்தா
21 அக்டோபர் 2024

சௌபாக்கியவதி மாதங்கிக்கு, மாமா குருமூர்த்தி ஒரு கப்பல் நிறைய ஏற்றி அனுப்பும் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் மாமி சாவித்ரியும் சௌக்கியம். அங்கே நீயும், அக்காவின் இரண்டு முழங்கால்களும் தனித்தனியாகச் சௌக்கியமா என்று எழுது.

இனி நான் எழுதப்போவதை ஈரேழு லோகத்திலும் ஒருவர் நம்பப்போவதில்லை. ஆனாலும் கற்பூரம் அடித்துச் சொல்கிறேன், நடந்தது நடந்தபடி. போனில் சொல்லலாம்தான். உன் மாமி பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியத்துக்கு வாக்கியம் "பொய்" என்று முத்திரை குத்துவாள். தவிர, தென்காசித் தபால் ஆபீசில் உன் உத்தியோகம் நிலைக்க வேண்டுமானால் யாராவது கடிதம் எழுதித்தானே ஆக வேண்டும்?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் வான்நோக்கர் சங்கம் உனக்குத் தெரியும். மற்ற உறுப்பினர்கள் இருட்டியபின் வந்து சனியின் வளையம், வியாழனின் நிலா என்று வேடிக்கை பார்ப்பவர்கள். பகலுக்கு அதிபதி நான் ஒருவன். பத்தொன்பது வருடமாக, வெயில் முகம் காட்டும் ஒவ்வொரு காலையும் சூரியனின் கரும்புள்ளிகளை எண்ணுகிறேன். தொலைநோக்கியில் நேராகக் கண்ணை வைத்தால் கண் அப்பளமாகப் பொரிந்துவிடும். ஆகவே பிம்பத்தை ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்து எண்ண வேண்டும். கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் மூட்டை எண்ணியவனுக்கு இது ஒரு காரியமா? மூட்டைகளாவது திருட்டுப் போகும். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்த புள்ளி நகர்ந்து நகர்ந்து மறு ஓரத்தில் மறையப் பதின்மூன்று நாள் ஆகும். சாயங்காலம் ஹௌரா பாலத்தில் போகும் டாக்சியைவிடக் கொஞ்சம் வேகம்.

இந்தக் கணக்கு மாதாமாதம் ஐரோப்பாவில் ஒரு நிலையத்துக்குப் போகிறது. அவர்கள் ஒவ்வொரு ஆளின் கண்ணுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். மிகையாக எண்ணுகிறவனை அந்த எண்ணால் பெருக்கிக் குறைப்பார்கள்; குறைவாக எண்ணுகிறவனைத் தூக்கிவிடுவார்கள். என் எண் ஒன்று. பெருக்கினாலும் நான் நானே! ஆனால் ஒரு சங்கத்துக்கு ஒரு கண்தான் கணக்கு அனுப்பலாம்.

அந்த ஒரு கண்ணுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. நீலாவதி என்று ஒரு சிவகாசிப் பெண். செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை, கரியாஹாட்டில் பேயிங் கெஸ்ட். பூஜை முடிந்த கையோடு சங்கத்தில் சேர்ந்தாள். பதினேழாம் தேதி காலை என் அட்டையில் விரலை நீட்டி, "சார், மூணாவது புள்ளிக் கூட்டத்துக்குக் கீழ கடுகு மாதிரி ஒண்ணு இருக்கே, எண்ணிட்டீங்களா?" என்றாள். அங்கே கடுகும் இல்லை, வெந்தயமும் இல்லை. புதிதாய் வந்தவள் ஆயிற்றே என்று, "அதெல்லாம் எண்ணியாச்சு" என்றேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த நானூறு காகங்களும் அவளுக்காக வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

பௌஷ் சங்கராந்தி, அதாவது நம் பொங்கல் அன்று, ஆண்டுக் கூட்டம். கண்ணை மாற்றலாமா என்று தலைவர் பிமலேந்து பாபு இப்போதே தாடியைச் சொறிகிறார்.

இப்படிக்கு,
ஒன்றால் பெருக்கப்படும் உன் மாமா
குருமூர்த்தி


தென்காசி
2 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு மாதங்கியின் நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் வலது முழங்கால் தேவலை. தன்னையும் ஒருவர் விசாரித்தாரே என்று இடது முழங்காலுக்குப் பரம சந்தோஷம்.

மாமா, நம் வீட்டிலும் உங்களுக்கு ஓர் எண் உண்டு, தெரியுமோ? நீங்கள் எழுதுவதை அம்மா பத்தால் வகுப்பாள், நான் நாலால் வகுப்பேன். ஆகவே காகங்கள் எனக்கு நூறு, அம்மாவுக்கு நாற்பது. உங்களை யாரோ ஒன்றால் பெருக்குகிறார்கள் என்று படித்ததும் அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். "யாரு, குருவையா? அவன் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கையே பெருக்கித்தானேடி வீட்டுல சொன்னான்!"

அப்புறம், "சூரியன் விஷயத்துல மட்டும் அவன் பொய் சொல்லமாட்டான்" என்றும் அவளே சொன்னாள். அதை வகுக்காமல் உங்களிடம் சேர்க்கச் சொன்னாள்.

ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கடுகு நிஜமாகவே அங்கே இல்லையா?

தீபாவளி பட்சணம் பார்சலில் வருகிறது. மாமிக்கு என் நமஸ்காரம்.

மாதங்கி


கொல்கத்தா
14 நவம்பர் 2024

மாதங்கிக்கு, முறுக்கு தின்ற வாயால் ஆசீர்வாதம். பார்சல் வந்தது. மாமிக்கு மூட்டு வலி, எனக்கு மனசு வலி, மற்றபடி க்ஷேமம். நீங்கள் அனைவரும் க்ஷேமமாக இருப்பீர்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

கடுகு பற்றிக் கேட்டிருந்தாய். அதைவிட முக்கியமான செய்திகள் இருக்கின்றன.

சங்கத்தில் ஒரு வழக்கம். எண்ணியதும் துண்டுச் சீட்டில் எண்ணிக்கையை எழுதி, ஒரு வட்டம் போட்டுப் புள்ளிகளைக் குறித்து, பழைய ரசகுல்லா டப்பாவில் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி, பொரியும் டீயுமாக உட்கார்ந்து பிரிப்போம். இத்தனை வருடமாக அந்த டப்பாவில் என் சீட்டு ஒன்றுதான். ஏகாதிபத்தியம். போன ஞாயிறு முதல்முறையாக இரண்டு பேர் சீட்டு. எனக்கு நாற்பத்தொன்று. அவளுக்கு அறுபத்து மூன்று.

அறுபத்து மூன்று! நாயன்மார் கணக்கா எடுக்கிறாள்? கூடியிருந்தவர்கள் "பா, பா!" என்று வங்காளியில் மெச்சி வாயைப் பிளந்ததில் மேஜை மேலிருந்த பொரி பறந்து டாக்கா வரை போயிருக்கும். பிமலேந்து பாபு தன் பங்குச் சந்தேஷ் இனிப்பை அவள் தட்டில் வைத்தார். எனக்கு அவர் அப்படி ஒரு விள்ளல் வைத்ததில்லை.

எண்ணும் லட்சணத்தைக் கேள். முதலில் தொலைநோக்கிக் குழாயை இரண்டு தட்டு. ஏன் என்றால், "சூரியன்ல இருக்கறது ஆடும் சார், அட்டையில இருக்கற தூசி ஆடாது. தட்டாம எப்படி நம்பறது?" என்கிறாள். எனக்கா சொல்கிறாள்! நான் தட்டுவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. கழுகுக் கண்ணுக்குத் தட்டு எதற்கு?

இதையும் பொறுப்பேன். நேற்று உன் மாமி மாடிக்கே காபி கொண்டு வந்தாள். எனக்கு எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு என் வெள்ளி டம்ளர். கொடுத்துவிட்டு, "இன்னிக்கு எத்தனை புள்ளிடி கொழந்தே?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள் என்னைக் கேட்டிருப்பாளா? "எண்ணிண்டது போறும், காய் வாங்கிண்டு வாங்கோ" என்பதுதான் எனக்குக் கிடைத்த வாசகம்.

மார்க்கெட்டுக்குப் போனேன். வாழைப்பூவில் கள்ளன் எது, காம்பு எது என்றுகூடப் பார்க்கவில்லை, அத்தனை கொதிப்பு.

உன் கொதிக்கும் மாமா


தென்காசி
25 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். அனைவரும் நலம். நீங்களும் மாமியும் நலமா? அதிலும் நீங்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். தபால் ஆபீஸ் புத்தி, கையில் வந்ததைத் தராசில் வைத்துத்தான் பிரிப்பேன். அக்டோபர் கடிதம் பதினெட்டு கிராம். இது நாற்பத்திரண்டு. விஷயம் கூடவில்லை, பக்கம் கூடியிருக்கிறது. பழைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் கோடு போட்ட தாளில் கோட்டுக்கு ஒரு வரி எழுதுவீர்கள். இப்போது ஒரு வரி மூன்று கோட்டைப் பிடிக்கிறது. நடுவில் சில வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் நிற்கின்றன.

மாமா, இதற்கு மட்டும் காகம், கழுகு இல்லாமல் பதில் எழுதுங்கள்.

மாதங்கி


கொல்கத்தா
4 டிசம்பர் 2024

மாதங்கிக்கு ஆசீர்வாதம், வழக்கமான அளவில். இங்கே குளிர் வந்துவிட்டது. இருபது டிகிரிக்குக் கீழே போனதும் ஊரே மங்கி கேப் போட்டுக்கொண்டு எவரெஸ்டுக்குக் கிளம்புவது போல மீன் வாங்கப் போகிறது. நாங்கள் சௌக்கியம்.

கடிதத்தின் எடை பற்றி எழுதியிருந்தாய். கொல்கத்தாக் காற்றில் ஈரம் அதிகம். காகிதம் தண்ணீர் குடித்துக் கனக்கும். நிற்க.

ரகசியமாக ஒன்று. படித்ததும் கிழித்துவிடு. நான் யுத்தத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

மாடி அறையில் ஒரே ஆணியில் இரண்டு அட்டைகள் தொங்கும். ஒன்று என்னுடையது. மற்றது அவளுக்காகச் செய்தது. அட்டையில் வட்டம் வரைந்திருக்கும், சூரியனை அதற்குள் பொருத்தி எண்ண வேண்டும். நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போனபோது நான் உள்ளே நுழைந்தேன். மேலே தொங்கிய அவள் அட்டையை எடுத்தேன். ஹீரோ பேனாவைத் திறந்தேன். வட்டத்துக்குள், தென்மேற்கில், மற்ற கூட்டங்களுக்கு எட்டாத தனிமையில், ஒரே ஒரு பொட்டு. கொசு பார்த்தால் தன் பிள்ளை என்று தூக்கிக்கொண்டு போகும், அத்தனை தத்ரூபம்.

தனியாக நிற்கும் புள்ளி என்றால் எங்கள் கணக்கில் அது ஒரு கூட்டம். கூட்டத்துக்குப் பத்து, புள்ளிக்கு ஒன்று. பத்தோடு பதினொன்றாக அவள் தலையில் ஏறும். கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கும்போது குழாயைத் தட்டிக்கொண்டா இருப்பாள்? ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் பிரித்ததும் நான் எழுந்து, "இல்லாத புள்ளியை எண்ணும் கண்ணா ஐரோப்பாவுக்கு?" என்று கேட்பேன். சபை நடுங்கும்.

உன் போர்க்கோல மாமா


கொல்கத்தா
17 டிசம்பர் 2024

மாதங்கி! ஆசீர்வாதம், ஆசீர்வாதம், இன்னொரு ஆசீர்வாதம். உன் பதில் வருமுன்பே எழுதுகிறேன், காரணம், இந்தச் செய்திக்குப் பொறுமை கிடையாது. எல்லோரும் நலமாகத்தான் இருப்பீர்கள். இதைப் படித்தபின் இன்னும் நலமாவீர்கள்.

அந்தப் பெண் பொறியில் சிக்கவில்லை. போகட்டும். அதைவிடப் பெரிய ஒன்று நடந்தது. சூரிய பகவானே என் கட்சிக்கு வந்துவிட்டார்!

போர்க்கோலம் பூண்ட மறுநாள் காலை, என் அட்டையில், கன்னங்கரேலென்று ஒரு புதுப் புள்ளி. மற்றவையெல்லாம் இப்போது புகைமூட்டத்தில் கரைந்து கரைந்து தெரிகிற காலத்தில், இது மட்டும் நெற்றியில் வைத்த சாந்து மாதிரி பளிச்சென்று! மூட்டம் விலகிய எல்லாக் காலையும் எனக்காகக் காத்திருக்கிறது. இதுவரை எட்டுக் காலை. நந்தி மாதிரி இடத்தை விட்டு அசையவில்லை. என்ன விசுவாசம்!

ஞாயிற்றுக்கிழமை டப்பாவைப் பிரித்தார்கள். சூரியனில் சில்லறைப் புள்ளிகள் குறைந்த வாரம். முதல்முறையாக என் கணக்கு அவளுடையதைத் தாண்டியது. பிமலேந்து பாபு என் சீட்டை அவளிடம் நீட்டி, "உன் வட்டத்தில் இந்தக் கூட்டம் இல்லையே?" என்று கேட்டார். அவள் என் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம், "எனக்கு அந்த இடத்துல மட்டும் மேகம் வந்திடுச்சு சார்" என்றாள். தோற்றவர்கள் மேகத்தைப் பழிப்பது மகாபாரத காலத்து வழக்கம்.

சந்தேஷ் என் தட்டுக்கு வந்தது. புது வெல்லத்துச் சந்தேஷ். இப்போதெல்லாம் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. என் வெற்றியை அவள் கையாலேயே ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். பார்த்தாயா நியாயத்தை?

வெற்றி வீரன்,
மாமா


தென்காசி
28 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் கடைசிக் கடிதம் அறுபத்தொரு கிராம். நாலு பக்கத்தில் வர வேண்டியது பதினொரு பக்கம். உறையின் மூலையில் பென்சிலால் மாமி ஒரு வரி எழுதியிருந்தாள்: "கண்ணைக் காட்டச் சொல்லு. நான் சொன்னா எரிஞ்சு விழறார்." நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் உறையை மாற்றியிருப்பீர்கள்.

எனக்குச் சூரியனைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் எழுதித் தெரிந்ததுதான். அதிலிருந்து இரண்டு கேள்வி. பதின்மூன்று நாளில் ஓரம் விட்டு ஓரம் போகிற புள்ளி, எட்டுக் காலையாக எப்படி அசையாமல் நிற்கிறது? மற்ற எல்லாம் மங்கலாக இருக்கும்போது, அது ஒன்று மட்டும் பேனாவால் வைத்தது போல ஏன் பளிச்சென்று இருக்கிறது?

அட்டையின் பின்புறத்தில் பெயர் எழுதும் வழக்கம் உண்டா, மாமா?

மாதங்கி


தென்காசி
20 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு நமஸ்காரம். பொங்கல் நன்றாக நடந்தது. உங்களிடமிருந்து வரி இல்லை. மூன்று வாரம் நீங்கள் சும்மா இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மாமிக்குப் போன் செய்தேன். "நன்னா இருக்கார். மாடியில இருக்கார். பேச மாட்டேங்கறார்" என்றாள். மூன்றில் எது நாலால் வகுக்க வேண்டியது என்று தெரியவில்லை.

என் கேள்விகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். காகங்கள் நானூறு என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். எத்தனை கோட்டைப் பிடித்தாலும் பரவாயில்லை.

மாதங்கி


கொல்கத்தா
10 பிப்ரவரி 2025

என் அருமை மாதங்கிக்கு மாமாவின் ஆசீர்வாதம். அக்காவுக்கு நமஸ்காரம், முழங்கால்களுக்குத் தனியாக. முதலில் இந்தக் கடிதத்தை நிறுத்துப் பார். இருபது கிராமைத் தாண்டாது. வரிக்கு ஒரு கோடு. வலது கண்ணில் புரை எடுத்துப் பதினைந்து நாள் ஆகிறது. எடுத்த புரையின் பருமனைப் பார்த்து ஆஸ்பத்திரியே கூடிவிட்டது, கிடர்பூரிலிருந்து கிரேன் வரவழைத்துத்தான் இறக்கினார்கள். இடது கண் அடுத்த மாதம்.

உன் கேள்விகள் ஜனவரி மூன்றாம் தேதி வந்தன. மாடிக்குப் போனேன். சூரியனை வட்டத்தில் பொருத்தினேன். பத்து வருடத்துக்கு அப்புறம் குழாயைத் தட்டினேன். சூரியன் ஆடியது. புள்ளிகளெல்லாம் கூடவே ஆடின. என் நந்தி மட்டும் ஆடவில்லை.

அட்டையைத் திருப்பினேன். பின்னால் பென்சிலில், கு.மூ.

மாதங்கி, எதிரியின் கோட்டை என்று நினைத்து என் வீட்டுக்கே தீ வைத்திருக்கிறேன். மூட்டம் இல்லாத பதினொரு காலை, காலைக்குப் பதினொன்று. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு மூட்டையைக் கூட்டி எழுதாதவன், சூரியனுக்கு நூற்றிருபத்தொன்றைக் கூட்டியிருக்கிறேன்.

அப்படியே அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பொங்கல் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கராந்திக் கூட்டத்தில் பிமலேந்து பாபு மங்கி கேப்பைக் கழற்றிவிட்டு, "கண்ணை மாற்ற வேண்டாம், குரு-தாவே இருக்கட்டும்" என்றார். தா என்றால் இங்கே அண்ணா. எல்லோரும் கை தட்டினார்கள். நீலாவதியும் தட்டினாள். அந்தக் கைதட்டல்தான் தாங்கவில்லை. எழுந்து அட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டேன். யாருக்காக வைத்த பொட்டு என்பதையும் சேர்த்து.

சபை நடுங்கவில்லை. பிறகு பிமலேந்து பாபு, "போகட்டும் குரு-தா, பத்தொன்பது வருஷத்தில் சூரியனுக்கு நீங்கள் கொடுத்தது இந்த ஒரு புள்ளிதானே" என்றார்.

"டிசம்பர் கணக்கு ஐரோப்பாவுக்குப் போயிருக்குமே?" என்றேன்.

"இன்னும் அனுப்பலை சார். எங்க பி.ஜி.ல இன்டர்நெட் சரியில்லை" என்றாள் நீலாவதி.

செக்டர் ஃபைவில் வேலை பார்ப்பவளுக்கு இரண்டு வாரமாக இன்டர்நெட் இல்லையாம்! அவள் மேகம் வந்தது என்று சொன்ன காலையும் நான் மாடியில்தான் இருந்தேன். வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு இல்லை. இரண்டு பொய், மாதங்கி. பொய்யில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான், எனக்காக இன்னொருவர் பொய் சொல்லி இதுவரை பார்த்ததில்லை.

"அட்டையில இருந்ததை நீ எப்பப் பார்த்தே?" என்று கேட்டேன்.

"உங்க சீட்டுல பார்த்தப்பவே தெரியும் சார். நானா சொன்னா நீங்க எண்றதையே விட்டுருவீங்கன்னு பயமா இருந்துச்சு."

கணக்கு இனி அவள் பெயரில் போகும். முன்மொழிந்தவன் நான். என் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நாலால் வகுப்பாய், ஆகவே வகுத்தே எழுதுகிறேன்: கால் பங்குதான் போயிருக்கிறது. வெள்ளி டம்ளர் இன்னும் அவளிடம்தான். ஆனால் நேற்று இறங்கி வரும்போது உன் மாமி, "எத்தனை?" என்று கேட்டாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டேதான். "ஐம்பத்தெட்டு" என்றேன். "அவளுக்கு?" என்றாள். அறுபது. அதையும் சொன்னேன்.

முதல் கடிதத்தில் கற்பூரம் அடித்தேன், நடந்தது நடந்தபடி என்று. நீயும் அக்காவும் வகுத்தது போதாது. நானூறு காகம் கிடையாது. ஒரே ஒரு காகம், அதுவும் வடைக்கு வந்தது. டாக்காவுக்குப் பொரி பறக்கவில்லை. கழுகுக் கண்ணும் கிடையாது. ஒரு வருடமாகவே சிறு புள்ளிகள் எனக்குத் தெரியவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

கட்டு அவிழ்த்த மறுநாள் நீலாவதியிடம், அக்டோபர் பதினேழாம் தேதி சூரியனைக் காட்டு என்றேன். எங்கோ ஒரு பெரிய நிலையத்தில் எடுத்த படத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது கூட்டத்தைத் தேடிப் பிடித்து, அதற்குக் கீழே பார்த்தேன்.

நான் எழுதிய அத்தனையிலும் அவள் சொன்னது ஒன்று மட்டும் உண்மை. கடுகளவு ஒரு புள்ளி, அங்கே இருந்தது.

மாமா